ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரு தம்புரா

1. மூச்சு மட்டும் கேட்ட அழைப்பு

முதல் தடவை அவர் ஃபோன் செய்தபோது நான் லைனைத் துண்டித்தேன். இரண்டாம் தடவையும் துண்டித்தேன். மறுமுனையில் யாரோ மூச்சு விடுவது மட்டும்தான் கேட்டது. ‘ஹலோ, ஹலோ’ என்று கத்திப் பார்த்தேன், பதில் இல்லை. டெல்லியில் ஒரு பெண்ணின் பெயரும் நம்பரும் நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் இந்த மாதிரி அழைப்புகள் வரத்தான் செய்யும். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் நான். பயம் ஒன்றும் இல்லை, எரிச்சல்தான்.

அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. வாட்ஸப்பில் தமிழில் ஒரு செய்தி வந்தது.

“நான் பேசுவதே அப்படித்தான். உங்கள் ஃபோனில் குறை இல்லை. தொண்டையில் ஆபரேஷன் ஆனதில் குரல் போய்விட்டது. என் பெயர் கோமதி, பாட்டு டீச்சர். கம்ப்யூட்டரில் வயலின் வாசித்தால் டப் டப் என்று உடைகிறது. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி. வர முடியுமா?”

படித்ததும் என் முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் காலையிலேயே வருகிறேன் என்று பதில் போட்டேன். விலாசம் மயூர் விஹார்.

இந்த ‘டப் டப்’தான் என் பிழைப்பு. இசை அமைப்பவர்களுக்கு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பதும், ஏற்கெனவே இருக்கிற கம்ப்யூட்டர் மூச்சுத் திணறினால் போய்ச் சரிசெய்வதும் என் வேலை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் எந்த பிராசசர் நல்லது, எத்தனை ஜிபி வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். கேட்கட்டும், அதுவும் தெரிய வேண்டியதுதான். ஆனால் இந்தத் தொழிலில் எனக்குப் பெரிய பாடம் கிடைத்தது கோமதி டீச்சர் வீட்டில். அதனால் அதையே எழுதுகிறேன்.

2. சர்வர் ரூமிலிருந்து

நான் முறையாக இசை படித்தவள் இல்லை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் சர்வர் ரூமைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டெல்லி மே மாதத்தில் வெளியே அனல் காற்று வீசும்போது, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏசிக்குள் உட்கார்ந்திருக்கிற உத்தியோகம். விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், தெரிந்தவர்களுக்கு கம்ப்யூட்டர் சரிசெய்து கொடுக்க ஆரம்பித்தேன்.

முதல் இசை வாடிக்கையாளர் லஜ்பத் நகரில் கல்யாணப் பாட்டு தயாரிக்கிற ஒரு சர்தார்ஜி. எல்லோரும் அவரை லக்கி பாஜி, அதாவது லக்கி அண்ணன், என்பார்கள். அவருடைய மெஷின் காலையில் ஒழுங்காக ஓடும், மதியம் ஆனால் பாட்டு உடைய ஆரம்பிக்கும். பார்க்க வந்தவர்களெல்லாம் சாஃப்ட்வேரை அழித்து அழித்து ஏற்றியிருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். சூடு ஆகக்கூடாது என்று மனுஷன் தண்ணீர் கூலரையே மெஷினுக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தார். ஈரக்காற்றும் டெல்லித் தூசியும் சேர்ந்து ஃபேன் முழுவதும் கம்பளி மாதிரி படிந்திருந்தது. பிராசசர் சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. பிரஷ்ஷை எடுத்துச் சுத்தம் செய்ததோடு கதை முடிந்தது.

லக்கி பாஜிக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று முதல் எந்த ஸ்டுடியோவுக்குப் போனாலும், “மேரி மேடம்ஜி கோ புலாவோ”, எங்கள் மேடம்ஜியைக் கூப்பிடு, என்று என்னைக் கைகாட்டிவிடுவார். பிளக்‌இன் என்கிற குட்டி மென்பொருள் என்றால் என்ன, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற வாத்தியம் எப்படி ஓடுகிறது என்பதையெல்லாம் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டியவரும் அவர்தான். பாதி ஸ்டுடியோக்களில் கதவைத் திறப்பவர்கள் என்னைப் பார்த்துவிட்டு இஞ்சினியர் எங்கே என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். லக்கி பாஜி ஒருநாளும் அப்படி எட்டிப் பார்த்ததில்லை. அதற்காகவே அவரை நான் மறக்கமாட்டேன்.

டெக்னிக்கல் விஷயம் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். கம்ப்யூட்டர் சத்தத்தைக் குழாய்த் தண்ணீர் மாதிரி தொடர்ந்து விடுவதில்லை. சொம்பு சொம்பாக மொண்டு கொடுக்கிறது. அந்தச் சொம்புக்குப் பெயர் பஃபர். ஒரு சொம்பு காலியாவதற்குள் அடுத்தது நிரம்பியிருக்க வேண்டும். நிரம்பவில்லை என்றால் அந்த இடத்தில் பாட்டு ‘டப்’ என்று உடையும். சொம்புக்குப் பதில் பெரிய குடமாக வைத்துக்கொண்டால் நிரப்ப அவகாசம் கிடைக்கும், உடையாது. ஆனால் குடம் நிரம்பி வருகிறவரை நாம் காத்திருக்க வேண்டும். கீயை அமுக்குவதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவில் ஒரு தாமதம் விழும். அதைத்தான் லேட்டன்சி என்கிறோம். கேட்கிறவர்களுக்கு அது ஒன்றுமில்லை. வாசிக்கிறவர்களுக்கு அது நரகம்.

3. மயூர் விஹார், மூன்றாம் மாடி

கதவைத் திறந்த டீச்சருக்கு அறுபதை ஒட்டிய வயது இருக்கும். ஒடிசலான உடம்பு. சமையலறையில் ஏதோ கொதிக்கிற சத்தம் கேட்டால்கூட அவர் பேச்சு நம் காதில் விழாது. முதல் வேலையாகப் போய் கேஸை அணைத்துவிட்டு வந்தார்.

“அலைய வச்சிட்டேன். உக்காருங்க. எந்த ஊரு நீங்க?”

“அப்பாவுக்கு அம்பாசமுத்திரம் டீச்சர். எனக்கு சரோஜினி நகர்.”

அவர் சிரித்தார். சிரிப்பிலும் காற்றுதான் வந்தது. “எனக்கு சங்கரன்கோவில். பக்கம்தான்” என்றார்.

விவரத்தைக் கொஞ்சம் பேசியும் கொஞ்சம் ஃபோனில் எழுதிக் காட்டியும் சொன்னார். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவர். ஓய்வு பெறுகிற சமயத்தில் ஆபரேஷன். மேடையில் பாடின வாழ்க்கை அதோடு போயிற்று. மகள் பெங்களூரிலிருந்து ஒரு லேப்டாப்பும், பியானோ மாதிரி கட்டைகள் வைத்த சின்ன மிடி கீபோர்டும் வாங்கி அனுப்பினாள். வயலின், குழல், வீணை எல்லாம் லேப்டாப்புக்குள் இருக்கும். கீபோர்டில் விரலை வைத்தால் அந்த வாத்தியம் பேசும். டீச்சர் பிடிவாதமாக உட்கார்ந்து அதைப் பழகியிருக்கிறார். யமுனை நதியைப் பற்றி ஒரு நாட்டிய நாடகம் போடப்போவதாகத் தமிழ்ச் சங்கத்தில் பேச்சு வந்ததும், இசை நான் செய்கிறேன் என்று கையைத் தூக்கிவிட்டார்.

செய்தும் முடித்துவிட்டார். ஆனால் அதை ரெக்கார்ட் செய்து போட அவருக்கு மனசில்லை. மேடை ஓரத்தில் உட்கார்ந்து நேரடியாக வாசிக்க வேண்டும் என்றார். ஆடுகிற பெண் ஒரு அபிநயத்தை இன்று கொஞ்சம் நீட்டுவாள், நாளை குறைப்பாள். பாடுகிறவர் அதைப் பார்த்துத்தான் அடுத்த அடியை எடுக்க வேண்டும். டீச்சர் அப்படியே பாடிப் பழகியவர்.

கீபோர்டைத் தொட்டுக் காட்டி, “இப்போ எனக்கு வாய் இதுதான்” என்றார்.

நான் அங்கே இருந்தபோதே சங்கச் செயலாளர் சுந்தரம் சார் வந்துவிட்டார். அதே அடுக்குமாடி சொசைட்டியில் கீழ்த்தளத்தில் இருப்பவர். நல்ல மனிதர், ஆனால் விழா நடத்துகிற எல்லோரையும் போல முகத்தில் கவலை குடியிருந்தது. டீச்சர் காபி போட உள்ளே போனதும் என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

“டீச்சர் மேல எனக்கு மரியாதை உண்டு மேடம். ஆனா போன வாரம் வீட்டு ஒத்திகையில நாலு இடத்துல பட்டாசு மாதிரி வெடிச்சுது. பொண்ணுங்க ஆட்டத்தையே நிறுத்திட்டாங்க. ஹால் புக் ஆயிடுச்சு, சீஃப் கெஸ்ட் வர்றார். அதனால சென்னையில ஒரு ஸ்டுடியோவுல சொல்லி வேற மியூசிக் ரெக்கார்ட் பண்ணி பென் டிரைவ்ல வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை காலையில ஸ்டேஜ் ஒத்திகை. ஒரு தடவை உடைஞ்சாலும் பென் டிரைவ்தான். டீச்சர்கிட்டயும் சொல்லிட்டேன்.”

அவரைத் தப்பு சொல்ல முடியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் பென் டிரைவ் வைத்திருப்பேன். டீச்சர் காபியோடு வந்தார். நாங்கள் என்ன பேசினோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

4. வரிசையாகத் தட்டுகிறார்

லேப்டாப் ஒன்றும் மோசமில்லை. பதினாறு ஜிபி ராம், நல்ல எஸ்எஸ்டி. ஒரு வயலின் என்றால் உள்ளே ஒரே ஒரு ஒலிப்பதிவு இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாக, அழுத்தமாக, இழுத்து, வெட்டி என்று பல விதமாகப் பதிந்து வைத்திருப்பார்கள். அதெல்லாம் ராமில் இடம் கேட்கும். இருந்தாலும் டீச்சருக்கு வேண்டியதற்கு இந்த மெஷின் போதும் என்றுதான் எனக்குப் பட்டது.

புது மெஷின் வாங்க வேண்டுமா என்று அவர் கேட்டார். நேரு பிளேஸ் போனால் பாகங்கள் கிடைக்கும், ஒரு நாளில் நான் பூட்டியும் விடுவேன். ஆனால் அத்தனை வாத்தியங்களையும் மறுபடி டவுன்லோட் செய்து, லைசென்ஸ் வாங்கி, சோதித்துப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாது. இதை வைத்துத்தான் ஆக வேண்டும்.

யாரோ ஃபோனில் சொன்னதைக் கேட்டு பஃபரை ஆயிரத்து இருபத்து நாலுக்கு ஏற்றி வைத்திருந்தார். உடைவது குறைந்ததா என்று கேட்டேன். தொடையில் தாளம் போட்டபடி ஒரு கீயை அமுக்கிக் காட்டினார். தாளம் விழுந்து நகர்ந்த பிறகு வயலின் வந்தது.

“இங்க அமுக்குதேன். சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டு வருது.”

பஃபரை நூற்று இருபத்தெட்டுக்கு இறக்கினேன். முதலிலிருந்து வாசித்துக் காட்டச் சொன்னேன். அவர் உடனே வாசிக்கவில்லை. திரையில் வாத்தியத்துக்கு ஒரு வரியாக இருக்கிற டிராக்குகளில் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போய் எதையோ தட்டிக்கொண்டே வந்தார். தட்டுவார், சற்று நிறுத்துவார், அடுத்ததைத் தட்டுவார். பூஜைக்கு விளக்கு ஏற்றுகிற நிதானம். ஒரு ரீங்காரம் எழுந்து, தடித்து, அறை முழுக்கப் பரவியது. பிறகுதான் வாசித்தார். வாசிப்பு அருமையாக இருந்தது. இரண்டாவது அடியில் டப் என்றது. அப்புறம் டப் டப் என்று தொடர்ந்து உடைந்தது. லேப்டாப்பின் சுமையைக் காட்டுகிற மீட்டர் சிவப்பில் நின்றது.

என்ன தட்டினீர்கள் என்று கேட்டு டிராக்குகளைத் திறந்து பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பதுக்கு மேல் டிராக்குகள். ஒவ்வொன்றிலும் வாத்தியத்துக்கு முன்னால் ஒரு தம்புரா பிளக்‌இன். அந்தத் தம்புராவுக்குக் கல்மண்டபத்தில் வாசிப்பது போன்ற எதிரொலி தருகிற ஒரு ரிவெர்ப். ரிவெர்ப்தான் இருப்பதிலேயே பெருந்தீனிக்காரன். ஒன்று வைத்தால் போதும், எல்லா டிராக்கையும் அதன் வழியாக அனுப்பிக்கொள்ளலாம். டீச்சரோ ஆளுக்கு ஒரு தம்புரா, தம்புராவுக்கு ஒரு மண்டபம் என்று கட்டிக் கொடுத்திருக்கிறார்.

“இத்தனை தம்புரா எதுக்கு டீச்சர்? கச்சேரிக்கு ஒண்ணு ரெண்டுதானே வைப்பாங்க?”

அவர் பதில் சொல்வதற்குள் நான் வேலையை ஆரம்பித்துவிட்டேன். அவருடைய கோப்பை அப்படியே விட்டுவிட்டு வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்தேன். பிரதியில் எல்லாத் தம்புராவையும் நீக்கினேன். கடைசியில் ஒரே ஒரு தம்புரா, ஒரே ஒரு மண்டபம். மீட்டர் பச்சைக்கு வந்து படுத்துக்கொண்டது. பஃபர் நூற்று இருபத்தெட்டிலும் ஒரு உடைசல் இல்லை. எனக்கு ஒரே பெருமை. காபியை ஆறவிடாமல் குடித்தேன்.

5. காலியான வகுப்பு

டீச்சர் கொஞ்சம் வாசித்தார். தாமதம் இல்லாததில் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பிறகு வயலினை மட்டும் தனியாகக் கேட்டுத் திருத்த வேண்டும் என்று அந்த டிராக்கின் சோலோ பட்டனை அமுக்கினார். சோலோ என்றால் அந்த ஒரு டிராக் மட்டும் ஒலிக்கும், மற்றதெல்லாம் வாயை மூடிக்கொள்ளும். தம்புராவும் நின்றது. சூடான பாத்திரத்தைத் தொட்டது போல அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

“சுருதி எங்க?”

“கடைசி டிராக்ல இருக்கு டீச்சர். சோலோ போட்டதனால நின்னிருச்சு.”

“அதத்தான் சொல்லுதேன். எத அமுக்கினாலும் சுருதி போயிருது. சுருதி இல்லாம ஒத்த வாத்தியத்த எப்படிக் கேக்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது ஸ்டுடியோக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் சோலோ போட்டுத்தான் கேட்பார்கள், சுருதி நின்றதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. டீச்சரோ சுருதி இல்லாமல் வாயே திறக்கக்கூடாது என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொடுத்தவர். எந்த டிராக்கைத் தனியாகக் கேட்டாலும் கூடவே சுருதி கேட்பதற்கு அவர் கண்டுபிடித்த ஒரே வழி, ஒவ்வொரு டிராக்குக்குள்ளும் ஒரு தம்புராவை உட்காரவைப்பது. கம்ப்யூட்டர் கணக்குப்படி அது தப்பு. சங்கீதக் கணக்குப்படி அதைவிடச் சரியாக ஒருவர் யோசிக்க முடியாது.

இதற்கு வழி இருந்தது. சோலோவில் எது மூடினாலும் குறிப்பிட்ட ஒரு டிராக் மட்டும் மூடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஏற்பாடு உண்டு. சோலோ சேஃப் என்பார்கள். தம்புரா டிராக்குக்கு அதைப் போட்டேன். இப்போது எந்த வாத்தியத்தைத் தனியாக்கினாலும் தம்புரா கூடவே வந்தது. டீச்சர் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிரச்சினை தீர்ந்தது என்று நான் பையை எடுத்துவிட்டேன்.

அவர் ஆரம்பத்திலிருந்து முழுசாக வாசித்தார். முடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். அவர் பேசுவதற்கே நேரம் ஆகும் என்பதால் நானும் காத்திருந்தேன்.

“எல்லாம் சரியா இருக்கு, விஜயா. ஆனா க்ளாஸ் காலியா இருக்கு.”

எனக்கு விளங்கவில்லை. ஃபோனை எடுத்து எழுதிக் காட்டினார். அவர் வகுப்பில் பிள்ளைகள் ஆளுக்கொரு சுருதிப் பெட்டி கொண்டுவருவார்கள். எல்லோரும் ஒன்றாக ஆரம்பிக்க விடமாட்டார். ஒருத்தி பெட்டியைப் போட்டு அது நிலைத்த பிறகுதான் பக்கத்தில் இருப்பவள் போட வேண்டும். அப்படி வரிசையாக வந்து சேர்ந்தால் ஒரே சுருதிக்குள் ஓர் அலை எழும். அந்த அலையின் மேல்தான் அவர் பாட ஆரம்பிப்பார். இந்த நாட்டிய நாடகத்தில் யமுனை முதன்முதலில் வருகிற இடத்துக்கு அவர் அந்த அலையைத்தான் வைத்திருந்தார். பாட்டு அதற்கு அப்புறம்தான்.

மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தாரே, அது அந்தப் பிள்ளைகளை வரிசையாக ஆரம்பிக்க வைப்பது. நான் எனக்குத் தெரிந்த கெட்டிக்காரத்தனத்தால் ஒரு வகுப்பையே வெளியே அனுப்பிவிட்டேன்.

என்ன செய்வது என்று யோசித்தேன். அவர் மடியில் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் ஒரு வழி தெரிந்தது. வயலினும் குழலும் ஆடுகிறவளைப் பார்த்து வாசிக்க வேண்டியவை. அவற்றை முன்கூட்டிப் பதிய முடியாது. சுருதிக்குத் தாளம் கிடையாது. அது யாருக்காகவும் நீள வேண்டாம், குறைய வேண்டாம். ஒவ்வொரு தோசைக்கும் தனித்தனியாக மாவு ஆட்டுகிறவர்கள் உண்டா? ஒருமுறை ஆட்டி வைத்துக்கொண்டு வேண்டியபோது ஊற்றுகிறோம்.

பழைய கோப்பைத் திறந்தேன். வாத்தியங்களை எல்லாம் நிறுத்தினேன். தம்புராக்கள் மட்டும் இருந்தன. பஃபரை எத்தனை முடியுமோ அத்தனை பெரிதாக்கினேன். பதிவு செய்யும்போது தாமதம் இருந்தால் என்ன?

“டீச்சர், க்ளாஸ ஆரம்பிங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மௌஸை எடுத்து முதல் தம்புராவைத் தட்டினார். அது நிலைக்கும்வரை காத்திருந்து அடுத்ததைத் தட்டினார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒருவேளை அந்தப் பிள்ளைகளின் பெயர்களாக இருக்கலாம்; நான் கேட்கவில்லை. எல்லாம் சேர்ந்து எழுந்த அந்த அலையை, நாடகம் முடிகிறவரை தாங்குகிற நீளத்துக்கு, ஒரே ஆடியோ கோப்பாகப் பதிந்தேன். அதைப் புதிய கோப்பில் கொண்டுபோய் ஒற்றை டிராக்காக வைத்து, சோலோ சேஃப் போட்டேன். பதிந்த சத்தத்தைத் திரும்ப ஓட்டுவது கம்ப்யூட்டருக்குப் பொருட்டே இல்லை. மீட்டர் பச்சையிலேயே இருந்தது.

டீச்சர் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து அழுத்தினார்.

6. மின்சாரம் போன இடம்

ஞாயிறு காலை ஒத்திகை உடையாமல் நடந்தது. சுந்தரம் சார் கடைசிவரை மேடைக்குக் கீழே பென் டிரைவைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். முடிந்ததும் டீச்சருக்குக் கும்பிடு போட்டார். ஆனால் பென் டிரைவைச் சட்டைப் பையில்தான் வைத்துக்கொண்டார், வீட்டுக்கு அனுப்பவில்லை.

மாலை நிகழ்ச்சியில் அரங்கம் நிறைந்திருந்தது. நான் மேடையின் பக்கவாட்டில், திரைச்சீலைக்குப் பின்னால் லேப்டாப் பக்கமாக நின்றேன். வைஃபை, அப்டேட், ஆன்ட்டிவைரஸ் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தேன். சுருதி அலை எழுந்தது. யமுனையாக ஆடுகிற பெண் வந்தாள். டீச்சர் ஹெட்ஃபோன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டு வாசித்தார்.

பாதி நாடகத்தில் மின்சாரம் போயிற்று. விளக்கும் ஸ்பீக்கரும் ஒன்றாக அணைந்தன. மூலையில் எமர்ஜென்சி விளக்கு மட்டும் மினுக்கியது. ஜெனரேட்டர் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும் என்று டெல்லிக்காரர்களுக்குத் தெரியும். எனக்கு வேறு பயம். லேப்டாப் இப்போது பேட்டரிக்கு மாறியிருக்கும். பேட்டரியில் ஓடும்போது பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஸ்பீக்கர் திரும்ப உயிர் பெறும்போது டப் டப் என்று வெடித்தால்? திரையில் மீட்டரைப் பார்த்தேன். பச்சையிலிருந்து மஞ்சளுக்கு ஏறியது. அங்கேயே நின்றது. அந்தப் பழைய தம்புராக்கள் எல்லாம் ஏறியிருந்தால் அன்று கதை முடிந்திருக்கும்.

ஆடுகிறவள் நிறுத்தவில்லை. நட்டுவாங்கத்தின் தாளமும் சலங்கையும் மட்டும் இருட்டில் கேட்டன. டீச்சரும் நிறுத்தவில்லை. தனக்கே கேட்காத வயலினைச் சலங்கைச் சத்தத்தை வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். விரல் கீயில் விழுகிற மெல்லிய தட்டல்தான் என் காதுக்குக் கேட்டது. பயத்தில் பெண்ணின் ஆட்டம் கொஞ்சம் வேகமெடுத்தது. டீச்சரின் விரலும் அதோடு வேகமெடுத்தது.

ஜெனரேட்டர் வந்தது. ஸ்பீக்கர் திறந்தது. சுருதி தன் இடத்தில் இருந்தது. வயலின், அவள் பாதம் தரையைத் தொட்ட அதே நேரத்தில், அதே இடத்தில் இருந்தது. நடுவில் ஒன்றும் நடக்காதது போல நாடகம் போய்க்கொண்டிருந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. சுந்தரம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து பென் டிரைவை என் கையில் வைத்தார்.

“ஃபார்மட் பண்ணிக் குடுத்துடுங்க மேடம். வேற எதுக்காவது ஆகும்.”

முடிவில் டீச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பழக்கதோஷத்தில் யாரோ மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவருக்கே சங்கடமாகிவிட்டது. டீச்சர் மைக்கைப் பத்திரமாகக் கீழே வைத்தார். லேப்டாப்புக்கு வந்து எல்லா வாத்தியங்களையும் அணைத்தார். சுருதி அலை மட்டும் அரங்கத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது. அவர் கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

நாலாவது வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் மெதுவாக ‘ஸா’ பிடித்தாள். அது நிலைத்த பிறகு இன்னொரு பக்கத்திலிருந்து ஒருவர் சேர்ந்தார். அப்புறம் பின்னாலிருந்து ஒருவர். ஒருவரும் அவசரப்படவில்லை. எல்லோரும் பள்ளியில் டீச்சரிடம் பாட்டுப் படித்தவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு இன்று தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வருமாம். ஆனால் எப்போது சேர வேண்டும் என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. டீச்சர் கைகூப்பியபடியே நின்றார். நான் திரைக்குப் பின்னால் நின்று நன்றாக அழுதேன்.

7. கற்றுக்கொண்டது

இப்போதெல்லாம் யாராவது மெஷின் திணறுகிறது என்று கூப்பிட்டால், மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறேன்: இதை ஏன் இங்கே வைத்தீர்கள்? பல சமயம் தெரியாமல் வைத்திருப்பார்கள், எடுத்துவிடலாம். சில சமயம் அதற்குள் ஒரு ஆள் இருப்பார். எடுப்பது சுலபம். அவரை வைத்துக்கொண்டே மெஷினை ஓடவைப்பதுதான் நம் வேலை. இது எனக்கு கோமதி டீச்சர் கொடுத்தது. லக்கி பாஜி தொழிலைக் கொடுத்தார், டீச்சர் தொழிலுக்கு ஒரு காதைக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் நான் கடமைப்பட்டவள்.

டீச்சர் இப்போதும் அடிக்கடி ஃபோன் செய்கிறார். வாட்ஸப்பில் எழுதலாம், ஆனால் எனக்கு அவர் ஃபோனில்தான் பேசுகிறார். மணி அடித்ததும் நான் சமையலறையில் இருந்தால் கேஸை அணைக்கிறேன், மின்விசிறியை நிறுத்துகிறேன். ‘ஹலோ, ஹலோ’ என்று கத்துவதில்லை. முதலில் மூச்சு மட்டும் கேட்கும். காத்திருந்தால் பேச்சு வரும்.